இடப்பக்கத்து நீல வயர்

பழுதான ரீவிப் பெட்டியோடு யாராவது கடைக்கு வந்தால் சிறில் உடனே அதைத் திறந்துவிட மாட்டான். முதலில் கொண்டுவந்த ஆளைத்தான் துருவுவான். எப்போது தொடங்கியது, அன்றைக்கு மழையா வெயிலா, கரண்ட் போய் வந்ததா, கடைசியாகத் தொட்டது யார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையைக்கூட மட்டக்களப்பில் யாரும் இவ்வளவு குடைந்திருக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கழிக்கத் தொடங்குவான். ரீவியை மாற்றிப் பார்ப்பான், ரீவி சரி. வயரை மாற்றிப் பார்ப்பான், வயர் சரி. "சரியானத எல்லாம் கழிச்சுக்கொண்டு வந்தா, கடைசியா மிஞ்சிறதுதான் பிழை" என்பான். இந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டே இருபது வருடம் கடை நடத்தினான். கண்ணூறு, செய்வினை, பேய், பிசாசு எதற்கும் அவனிடம் இடம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசைக்குப் போவான். ஆனால் சுவாமி பிரசங்கம் வைக்கும்போது, ஒலிபெருக்கி ஏன் இப்படி இரைகிறது என்றுதான் யோசித்துக்கொண்டிருப்பான்.

கடை டவுனில் வாவிக்கரையோரம் இருந்தது. பின்கதவைத் திறந்து இரண்டு படி இறங்கினால் வாவித் தண்ணீர். அவனுக்கு என்று இருந்தது ஒரு தம்பி, நெவில். பத்து வயது இளையவன். தாயும் தகப்பனும் தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் ஒரே கிழமைக்குள் போய்விட, தம்பியை வளர்த்து ஆளாக்கியவன் சிறில்தான். அந்த அலைச்சலில் தான் ஒரு கல்யாணம் கட்ட மறந்துபோனான். நெவில் ஓட்டோ ஓட்டினான், சுலக்ஷனாவைக் கட்டினான், அண்ணனுடைய வளவிலேயே ஒரு அறை இறக்கிக் குடியிருந்தான். வாய் மூடாத மனிதன். பழுதான ரீவிகளை வீடு வீடாகப் போய் ஏற்றி வருவது அவன் வேலை.

2005 ஆவணியில் ஒரு நாள் காலை அவனுடைய ஓட்டோவில் பீற்றிஸ் வந்து இறங்கினாள். கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள நாவலடி ஊர்க்காரி, முப்பத்தெட்டு வயதிருக்கும். மடியில் துவாயில் சுற்றிய ஒரு ரீவி கேம். பிள்ளைகள் ரீவியில் பூட்டி விளையாடுகிற பழைய சாம்பல் நிறப் பெட்டி, அதிலிருந்து வயரில் தொங்கும் இரண்டு கைப்பிடிகள். பெட்டியின் அடியில் ஊசியால் கீறிய எழுத்து: அன்ரோ. ஒன்றும் கேட்க வேண்டாம் என்று நெவில் பின்னால் நின்று கண்ணைக் காட்டினான். ஆனால் சிறில் கேட்காமல் விடுகிற ஆளா?

"எப்ப பழுதான?"

"மார்கழி இருவத்தாறு."

கடல் ஊருக்குள் வந்த நாள். அவளாகவே சொன்னாள். புருஷன் இல்லாதவள். குவைத்தில் இரண்டு வருடம் வீட்டு வேலை செய்துவிட்டுக் கார்த்திகையில் வரும்போது மகனுக்காக இதைக் கொண்டுவந்தாள். பன்னிரண்டு வயது அன்ரோ ஒரு மாதம் விளையாடினான். முதலாவது கைப்பிடி அம்மாவுக்கு, இரண்டாவது தனக்கு என்று பிரித்து வைத்திருந்தான். நத்தாருக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நேற்றுத்தானே பிள்ளை பூசை கண்டான், இன்றைக்கு விளையாடட்டும் என்று வீட்டில் விட்டுவிட்டு இவள் மட்டும் டவுனுக்குப் பூசைக்கு வந்தாள். பூசை முடிந்தபோது திரும்பிப் போக நாவலடி இருக்கவில்லை. கடல் ஊரை வழித்து வாவிக்குள் போட்டிருந்தது. ஒன்றரை மாதம் கழித்து அக்கரையில் தண்ணீரோரம் வளர்கிற கண்ணாப் பற்றைக்குள் இந்தப் பெட்டி அகப்பட்டது. பிள்ளை அகப்படவில்லை.

"முகாமில ஒரு ரீவியில பூட்டிப் பாத்த அண்ணன். படம் வாற மாதிரி வந்து மேல மேல ஓடுது. நிறமும் இல்ல. படத்த மட்டும் எடுத்துத் தாங்க."

சிறில் பூட்டிப் பார்த்தான். சாம்பல் திரை. அதில் கோடுகள் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே இருந்தன. கோடுகளுக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. சேலை மறைப்புக்கு அந்தப் பக்கம் ஆள் நடமாடினால் எப்படித் தெரியுமோ அப்படி. வழக்கம்போல ரீவியை மாற்றினான், அதே கோடு. அடப்டரை மாற்றினான். திரையின் குறுக்கே கிடந்த கறுப்புப் பட்டை போனது, ஓட்டம் நிற்கவில்லை. வயரின் செம்பு பச்சை பிடித்திருந்தது. அதை வெட்டி எறிந்து புதிது போட்டதும் திரையில் விழுந்த பூத்தூறல் குறைந்தது. மிஞ்சியது பெட்டிக்குள் இருக்கிற சின்னத் தகரக் கூடு, படத்தை ரீவிக்கு அனுப்புகிற உறுப்பு. மூடியை நெம்பினான். உள்ளே அரிசிமா கொட்டிய மாதிரி உப்பு. ஸ்பிரிட்டால் கழுவி, இற்றுப்போன இடங்களில் சொல்டரிங் அயனை வைத்துப் புது ஈயம் விட்டான். உச்சி வெயில் நேரம், ஓட்டம் நின்றது. சிவப்பு வந்தது, பச்சை வந்தது, கடைசியாக நீலம் வந்தது.

ஒரு பச்சைத் தரை. நடுவில் ஏணி. வலது ஓரத்தில் கதவு திறந்தபடி ஒரு குட்டி வீடு. இடது ஓரத்தில் நீலக் குளம். ஏணியடியில் இரண்டு சின்ன மனிதர்கள். சிவப்புச் சட்டை முதலாம் கைப்பிடிக்கு, மஞ்சள் சட்டை இரண்டாவதற்கு. இரண்டு கைப்பிடியும் மேசையில் கிடந்தன. யாரும் தொடவில்லை.

மஞ்சள் சட்டை நடந்தது.

வலது பக்கம் இரண்டு எட்டு. நின்றது. திரும்பியது. ஏணியைத் தாண்டி இடது பக்கமாக நிதானமாக நடந்து போய்க் குளத்துக்குள் இறங்கியது. மூன்று தரம் மினுங்கி மறைந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் ஏணியடியில் வந்து நின்றது. தேத்தண்ணிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோன நெவில் அப்படியே நின்றுவிட்டான்.

"அன்ரோ" என்றாள் பீற்றிஸ். சத்தமாக அல்ல. சோறு போட்டு வைத்துவிட்டுக் கூப்பிடுகிற குரலில்.

"உப்பு, தங்கச்சி" என்றான் சிறில் அவசரமாக. "கைப்பிடிக்குள்ள உப்புப் பிடிச்சிரிக்கி. பொத்தான அமத்தாமலே அமத்தின மாதிரிக் காட்டும். நாளைக்கு வாங்க, கழுவித் தாறன்."

கழுவினான். சும்மா அல்ல, சொந்தப் பெட்டியைக்கூட அவன் அப்படிக் கழுவியிருக்க மாட்டான். இரண்டாவது கைப்பிடியின் உள்ளே ஒவ்வொரு திசைக்கும் ஒரு செப்புக் கோடு ஓடியது. இடப்பக்கத்துக் கோட்டை உப்பு அரித்து நூலாக்கியிருந்தது. கழுவும்போது அதுவும் அறுந்தது. அந்த இடைவெளிக்கு விரல் நீளத்தில் ஒரு நீல வயரை வைத்து இரண்டு முனையிலும் ஈயம் பற்றவைத்தான். பொத்தானை அமுக்கிப் பார்த்தான். வலம் போகச் சொன்னால் வலம், இடம் போகச் சொன்னால் இடம். கண்ணாடி மாதிரிப் படம்.

மறுநாள் பீற்றிஸ் வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். மஞ்சள் சட்டை அசையவில்லை. மத்தியானமாகியும் அசையவில்லை. கடை சாத்தும் நேரம் எழுந்தாள்.

"நேத்து இரிந்தான். நீங்க கழுவி ஊத்திற்றீங்க."

சிறிலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாழ்நாளில் இவ்வளவு சுத்தமான வேலை செய்ததில்லை, அதற்குக் கிடைத்த பேச்சு இது. "நான் ரீவி திருத்திறவன் தங்கச்சி, பேயோட்டியில்ல" என்றான். அவள் பெட்டியை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள். போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் அவனைப் போட்டு வாட்டியது.

இரண்டாம் நாள் மத்தியானம் பின்கதவால் இறங்கினான். படியில் குந்தியிருந்து சுண்டுவிரலை வாவித் தண்ணீரில் நனைத்தான். வந்து கைப்பிடியைத் திறந்து வலப்பக்கத்துக்கு ஒரு துளி, இடப்பக்கத்துக்கு ஒரு துளி விட்டான். வெயிலில் காயவைத்தான். திரும்பவும் ஒரு துளி. சுனாமி பிள்ளையை வாரிக்கொண்டு போய்ப் போட்ட அதே தண்ணீர் என்பது விரலைத் துடைக்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது. கையை மறுபடி மறுபடி கழுவினான். மேசைக்குத் திரும்பியபோது மஞ்சள் சட்டை நடந்துகொண்டிருந்தது.

கதவோரம் நின்று எல்லாவற்றையும் நெவில் பார்த்திருந்தான். சிரிக்கப்போகிறான் என்று சிறில் நினைத்தான். அவன் சிரிக்கவில்லை.

"அந்த நீல வயரக் கழட்டிருங்க அண்ணன். வீட்டுப் பக்கம் மட்டும் போகட்டும். அவன் தண்ணிக்குள்ள விழுறத அந்த மனிசி எத்தின தரம் பாக்கிற?"

"திருத்தினா முழுசாத் திருத்தணும்" என்றான் சிறில். உப்புத் தண்ணீர் விட்ட கையோடு நின்று இதைச் சொல்ல அவனுக்கு வெட்கம் இருக்கவில்லை.

மஞ்சள் சட்டை நடக்கிறது என்று தகவல் போனதும் பீற்றிஸ் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். நாவலடிச் சனத்துக்குத் திராய்மடுவில் வீடு கட்டிக் கொடுத்தபோது அவளுக்கும் ஒன்று கிடைத்தது. முன்னறையில் ரீவி, அதற்குக் கீழே சாம்பல் பெட்டி. இரண்டாவது கைப்பிடிக்கு ஒரு முக்காலி, முக்காலியில் வெள்ளைத் துணி. பகல் பன்னிரண்டு மணிக்கு முதலாவது கைப்பிடியைத் தான் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

அது ஆட்கள் காணாமல் போகத் தொடங்கிய காலம். சந்தைக்குப் போனவன் வரவில்லை, வேலைக்குப் போனவன் வரவில்லை. யாரிடம் கேட்பது? குறி பார்த்துக் கட்டுச் சொல்லும் கோயில்களில் கூட்டம் தாங்கவில்லை. அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி தன் தம்பியை நினைத்துக்கொண்டு பீற்றிஸின் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். மஞ்சள் சட்டை வீட்டுக்குள் போனது. நான்காம் நாள் தம்பி வந்து சேர்ந்தான். போதாதா? திராய்மடுவுக்குச் சனம் வரத் தொடங்கியது. இருட்டினால் வெளியே தலைகாட்ட முடியாத நாட்கள் அவை, எல்லாம் உச்சிப் பொழுதில்தான். பீற்றிஸ் ஒரு சதம் வாங்க மாட்டாள். ஒரு மெழுகுதிரி கொண்டுவர வேண்டும், காணாமல் போனவரின் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வீட்டுக்குப் போனால் ஆள் இருக்கிறார். குளத்துக்குப் போனால் இல்லை. அதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்த்த எல்லோருக்கும் விளங்கியது.

மாரி பிறந்தால் படம் கெட்டுவிடும். கோடுகள் மேலே ஏறும், நிறம் போகும். சிறில் போய்த் தகரக் கூட்டைத் திறந்து ஈயத்தைப் புதுப்பித்துக் கொடுப்பான். போகிற ஒவ்வொரு தடவையும் கைப்பிடியையும் திறந்து, சின்னப் போத்தலில் கொண்டுபோன வாவித் தண்ணீரில் இரண்டு துளி விட்டுவிட்டு வருவான். யாருக்கு என்ன நட்டம் என்று தன்னைத் தானே கேட்டுக்கொள்வான். ஆறுதல்தானே.

நட்டம் யாருக்கு என்று 2007 பங்குனியில் தெரிந்தது. வெல்லாவெளியிலிருந்து வந்த சீதேவிப்பிள்ளைக்கு மகன் விஷயத்தில் மஞ்சள் சட்டை வீட்டுக்குள் போயிருந்தது. சண்டை அவளுடைய படுவான்கரைப் பக்கத்துக்கு வந்து ஊரே மூட்டை கட்டிக்கொண்டு வெளிக்கிட்டபோது அவள் மட்டும் அசையவில்லை. மகன் வந்து வீடு பூட்டியிருக்கக் கண்டால் என்ன நினைப்பான் என்றாளாம். ஷெல் விழுந்து வலது கால் முழங்காலோடு போனது. செய்தி கேட்ட அன்று சிறில் தண்ணீர்ப் போத்தலை வாவிக்குள் வீசினான். அதற்குப் பிறகு ஒரு துளி விடவில்லை. ஆனால் மஞ்சள் சட்டை நடப்பதை நிறுத்தவில்லை. மாரியில் நடந்தது, சரி, ஈரம். ஆடி மாதம், காற்றே தீய்கிற வெயிலிலும் நடந்தது. பழைய உப்பு எங்கோ ஒட்டியிருக்கிறது என்று சொல்லி அந்தக் கேள்வியை மூடிவைத்தான்.

அதற்கு முன்பே, அதே வருடம் தைமாதம், நெவில் காணாமல் போயிருந்தான்.

காலை ஒன்பது மணி. ஓட்டோத் தரிப்பிடத்தில் ஒரு வேன் வந்து நின்றது, போனது. அவ்வளவுதான் பார்த்தவர்கள் சொன்னார்கள். சிறில் ஓடிப்போனபோது ஓட்டோ அதே இடத்தில் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பின் ஆசனத்தில், திருத்தக் கொண்டுவந்த யாருடையதோ ஒரு ரீவி. அந்த எஞ்சினை நிறுத்த அவனுக்குக் கை வரவில்லை. பெற்றோல் தீர்ந்து தானாக நிற்கும்வரை பக்கத்திலேயே நின்றான்.

சுலக்ஷனா அவனுடைய படத்தைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. 2009 வைகாசியில் சண்டை முடிந்தது என்றார்கள், டவுனில் வெடி கொளுத்தினார்கள். தடுப்பு முகாம்களிலிருந்து ஒவ்வொருவராக விடத் தொடங்கினார்கள். அவள் அங்கேயும் போய் வரிசையில் நின்றாள். ஐப்பசி பிறந்தது. ஒரு நாள் சோற்றுக் கோப்பையைச் சிறிலுக்கு முன்னால் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"அத்தான், ஆத்துமாக்கள் திருநாளுக்குச் சுவாமி செத்தாக்கள்ட பேர் எழுதுறாரு. இவர்ட பேரக் குடுக்கிறதா, விடுறதா?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"உசிரோட இரிக்கிற மனிசன்ட பேரச் செத்தாக்களோட எழுதினா, நானே கொன்ன மாதிரி. செத்த மனிசனுக்கு ரெண்டு வருசமா ஒரு மெழுகுதிரி கொளுத்தாம விட்டிருந்தா, அதுவும் பாவம். எனக்கு ஏலா அத்தான். நான் திராய்மடுவில போய்க் கேக்கப் போறன். நீங்களும் வரணும். நீங்கதானே அந்தப் பெட்டியத் திருத்திறவர்."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். அது உப்பு பிள்ளை, என் சுண்டுவிரல் உப்பு. என்ன சொல்வது? இத்தனை சனத்தையும் பேய்க்காட்டி ஏமாற்றியவன் நான்தான் என்றா? பெண்ணின் முகத்தைப் பார்த்தான். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அதில் ஒரு முடிவு தெரிந்தது. "வாறன்" என்றான்.

அவன் சட்டென்று நெவிலின் பேச்சை நினைத்தான். அந்த நீல வயரைக் கழட்டிருங்க அண்ணன். ஏன் முடியாது? வயர் இல்லையென்றால் இடப்பக்கம் கிடையாது. மஞ்சள் சட்டை வீட்டுக்குப் போகும், இல்லையென்றால் சும்மா நிற்கும். பெயர் அந்தப் பட்டியலில் ஏறாது. உண்மையைச் சொன்னால், தம்பி செத்துப்போனான் என்று ஏதாவது, உப்போ இரும்போ எதுவோ, சொல்லிவிடும் என்று அவனே பயந்தான். பேய் பிசாசுக்கு இடம் கொடாத மனிதன்தான். அவனுக்கு இருந்தது ஒரே ஒரு தம்பி.

ஐப்பசிக் கடைசிச் சனிக்கிழமை. படம் மேலே மேலே ஓடுகிறது, ஆட்கள் வருமுன் வந்து பாருங்கள் என்று பீற்றிஸே சொல்லியனுப்பியிருந்தாள். சுலக்ஷனா அடுத்த பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. சிறில் பத்து மணிக்கே போய்விட்டான். தகரக் கூட்டின் காலில் ஈயம் வெடித்திருந்தது, அதைப் பற்றவைத்ததும் படம் நின்றது. பீற்றிஸ் குசினிக்குள் தேத்தண்ணி வைக்கப் போனாள். அவன் இரண்டாவது கைப்பிடியைத் திறந்தான். நீல வயரின் இரண்டு முனையையும் சூடு காட்டி எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டான். இடப்பக்கத்தை ஸ்பிரிட் பஞ்சால் மூன்று தரம் துடைத்தான். பஞ்சு வெள்ளையாகவே வந்தது. வலப்பக்கத்துக்கு, இரண்டரை வருடத்துக்குப் பிறகு, ஒரு துளி வாவித் தண்ணீர். மூடி, முறுக்கி, வெள்ளைத் துணியில் வைத்தான்.

பன்னிரண்டு மணி. சுலக்ஷனா மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்தாள். வெளியே ஒரு காகம்கூட இல்லை. கூரைத் தகரத்தில் வெயில் விழுந்து நெறுநெறுத்தது. பீற்றிஸ் சிவப்புச் சட்டையை ஏணியடியில் நிறுத்திவிட்டு, "பேரச் சொல்லுங்க கா" என்றாள்.

புருஷனின் பெயரைச் சொல்லிப் பழகாத வாய். இரண்டு தரம் திறந்து மூடியது.

"நெவில்" என்றாள். "நெவில் இரிக்கிறாரா?"

மஞ்சள் சட்டை நின்றது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பிறகு வலப்பக்கம் ஒரு எட்டு வைத்தது. இன்னொரு எட்டு. கதவு திறந்த குட்டி வீடு கிட்டத்தில்தான் இருந்தது. சிறில் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டான். போ, போடா, இன்னும் நாலு எட்டு என்று மனதுக்குள் தள்ளினான்.

அது நின்றது. திரும்பியது.

இடப்பக்கம் நடக்கத் தொடங்கியது.

சிறிலின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. வயர் இருந்தது. விரல் நீள நீல வயர், இரண்டு முனையிலும் ஈயத்தோடு. கைப்பிடியைப் பார்த்தான். வெள்ளைத் துணியில் அது அப்படியே கிடந்தது. ஒரு பொத்தானும் அமுங்கவில்லை. அறையில் அந்தச் சின்ன நடைச் சத்தம் மட்டும், டிக், டிக், டிக். மஞ்சள் சட்டை ஏணியைத் தாண்டியது. அவசரப்படவில்லை. வீதி தெரிந்த ஆள் நடப்பதுபோல நடந்தது. குளத்தின் கரையில் ஒரு கணம் நின்றது. பிறகு இறங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று தரம் மினுங்கியது.

திரும்பி வரவில்லை. வழக்கமாக ஏணியடியில் வந்து நிற்கும். அன்றைக்கு வரவில்லை. பச்சைத் தரையில் சிவப்புச் சட்டை தனியாக நின்றது.

சுலக்ஷனா சிலுவை போட்டாள். அழுவாள் என்று சிறில் நினைத்தான். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "பேரக் குடுப்பம் அத்தான்" என்றாள். குரல் தெளிவாக இருந்தது. "இவ்வளவு நாளும் அவருக்கு ஒரு மெழுகுதிரிகூட இல்லாம விட்டிற்றன்."

சிறில் அவளைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தான். பீற்றிஸ் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"இண்டைக்கு என்னத்தக் கழட்டினீங்க அண்ணன்?"

சிறில் கையால் சட்டைப் பையைப் பொத்தினான்.

"நீங்க தண்ணி விட்டது முதல் நாளே எனக்குத் தெரியும். கைப்பிடியில வாவி மணம் அடிச்சது. பாவம், எனக்காகச் செய்றாரு எண்டு பேசாம இரிந்தன். பிறகு நிப்பாட்டிற்றீங்க. அதுவும் தெரியும். அவன் நடக்கிறத நிப்பாட்டல்ல."

சிறில் கைப்பிடியை அவளுக்கு முன்னாலேயே திறந்தான். நீல வயர் இருந்த இடத்தில் இரண்டு ஈயப் பொட்டுகள், நடுவில் வெறும் தகடு. இடப்பக்கம் காய்ந்து சுத்தமாக இருந்தது. திருப்பிப் பார்த்தான், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், நாக்கால் தொட்டும் பார்த்தான். உப்புக் கரிக்கவில்லை. பையிலிருந்த வயரை எடுத்து மேசையில் வைத்தான். பீற்றிஸ் அதைப் பார்த்தாள், தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவன் வயரைத் திரும்பவும் பைக்குள் போட்டுக்கொண்டான்.

கார்த்திகை இரண்டாம் திகதி பின்னேரம் சேமக்காலையில் பூசை. கல்லறை இல்லாதவர்களுக்காகப் பெரிய சிலுவையின் அடியில் மெழுகுதிரி கொளுத்துவது வழக்கம். பீற்றிஸ் வரவில்லை. அவள் எந்த வருடமும் அன்ரோவின் பெயரைக் கொடுத்ததில்லை. சுவாமி பட்டியலை வாசிக்கத் தொடங்கினார். ஒலிபெருக்கி வழக்கம்போல இரைந்தது. அது ஏன் என்று சிறில் யோசிக்கவில்லை. அவன் கழித்துக்கொண்டிருந்தான். ரீவியா? ரீவி சரி. படமா? அன்றைக்குத்தான் திருத்தியது. அடப்டர் சரி. உப்பா? துடைத்தாயிற்று. வயரா? இதோ, பைக்குள். இன்னும் என்ன இருக்கிறது கழிப்பதற்கு? சரியானதை எல்லாம் கழித்துக்கொண்டு வந்தான். கடைசியில் நெவில் ஒருவன்தான் மிஞ்சினான்.

அந்த நேரம் பார்த்துச் சுவாமி அவனுடைய பெயரை வாசித்தார். சுலக்ஷனா மெழுகுதிரியைச் சிலுவையடியில் நட்டாள். சிறில் முழங்காலில் விழுந்தான். மூன்று வருடம் வராத அழுகை அப்போதுதான் வந்தது. நீல வயரை எடுத்து மெழுகுதிரிக்குப் பக்கத்தில் வைத்தான்.

"நீ சொன்ன மாதிரிக் கழட்டித்தானேடா வச்சன்" என்றான். "பிறகும் ஏன்டா அங்கால போன?"